தலையில் உதிரும் செதில்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதச் சொற்பொழிவுக்கு எம்மை அழைத்த காரியதரிசி அவர்கள், ‘இம்முறை இலக்கியம் வேண்டா, தலையிற் செதில் உதிர்வதைப் பற்றிப் பேசுக’ என்று பணித்தபோது யாம் சற்றே திகைத்தோம். இலக்கணம் கற்பிப்பவர்க்கும் பொடுகுக்கும் யாது தொடர்பென்று வினவினோம். ‘உமது சட்டையின் தோட்பட்டையைக் கண்டவர் எவரும் அவ்வாறு வினவார்’ என்று அவர் விடையிறுத்தார். அது மறுக்கவொண்ணாத விடை. பதினைந்து ஆண்டுகளாக யாம் வெண்ணிறச் சட்டையன்றிப் பிற நிறம் அணிந்திலேம். அதனை எளிமையென்று மாணவர் கருதினர். உண்மைக் காரணத்தை இன்று அவையறியக் கூறிவிட்டோம்.

ஆயினும் நகைப்புக்கென்று மட்டும் இப்பொருளை எடுத்துக் கொண்டோமல்லேம். சென்ற ஆண்டில் நம்மவர் குடும்பங்களில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. நிச்சயதாம்பூலம் மாற்றிய பின்னர் ஒரு திருமணம் நின்று போயிற்று. எம்மிடம் பயிலும் சிறுவன் ஒருவன் உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயத்தினும் பெரியதோர் இடத்து முடியை என்றைக்குமாக இழந்தான். இரண்டிற்கும் அடி ஒன்றே. தலையில் உதிர்வனவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறியாமையே அது. உரியவர்களின் இசைவு பெற்றே இவற்றை இங்கே சொல்லுகின்றோம். பெயரும் ஊரும் கூறோம். யாம் வைத்தியரல்லேம் என்பதையும் முதற்கண் கூறிவிடுகின்றோம். எமது தலைக்குச் சிகிச்சை செய்த தோல் வைத்தியரிடம் கேட்டவையும், பின்னர் நூல்களிற் படித்தவையுமே யாம் கூறப் போவன.

இலக்கணத்தில் பலபொருள் ஒருசொல் என்பதொன்றுண்டு. வேங்கை என்ற அளவில் அது மரமோ விலங்கோ என்பது விளங்காது. பூத்தது என்றால் மரம். பாய்ந்தது என்றால் புலி. வினையும் இனமும் சார்பும் கொண்டு பொருள் துணிதல் வேண்டும். பொடுகு என்பதும் இன்று நம் வீடுகளில் பலபொருள் ஒருசொல்லாகிக் கிடக்கின்றது. செதிலை மட்டும் பார்த்தால் விளங்காது. அது யாருடைய தலையிற் காண்கிறது, உடன் வேறெங்கே காண்கிறது, முடியை என் செய்கிறது என்று சார்பு நோக்கினால் பெரும்பாலும் விளங்கும். யாம் இன்று வைத்தியத்தில் நுழைந்தது இந்த ஒரு வாயிலின் வழியாகத்தான்.

முதலில் எமக்குள்ள பொடுகையே எடுத்துக் கொள்வோம்.

நமது தோல் நாள்தோறும் கீழிருந்து புதிதாய்த் தோன்றி மேலே வந்து உதிர்வது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். உதிர்வன மிக நுண்ணியவாதலின் கண்ணுக்குத் தோன்றா. இச்சுற்று விரைவுபட்டால் முதிராத தோல் திரள் திரளாகக் கழியும், அதுவே செதில். பொடுகில் இவ்விரைவுக்குத் துணை நிற்பது மலசீசியா என்னும் நுண்ணிய ஈஸ்ட்டுக் காளான். 1874-ஆம் ஆண்டில் அதனை விவரித்தெழுதிய மலசே என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. அது வெளியிலிருந்து வந்து தொற்றிய பகையன்று; வளர்ந்தோர் அனைவர் தலையிலும் குடியிருப்பது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக் கொள்ள அதற்கு இயலாது. ஆகவே தலையில் ஊறும் நெய்ப்பசையைச் சிதைத்து உண்ணும். அங்ஙனம் சிதைந்தவற்றுள் சில தோலை உறுத்தும். அவ்வுறுத்தலைச் சிலர் தோல் பொறுக்கும். எம்மனோர் தோல் பொறுக்காது. வளர்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு வாழ்நாளில் ஒரு காலத்தேனும் பொடுகு உண்டென்பர்.

இதனை அறியாது யாம் செய்தது யாதெனில், செதில் கண்ட இடத்தில் எண்ணெயை வார்த்ததே. ‘தலை காய்ந்து போயிற்று, அதனால் உதிர்கிறது’ என்று எம் பாட்டியார் கூறினார், அன்னையார் கூறினார், மனைவியாரும் கூறினார். மூவர் வாக்கும் ஒன்றாயின் யாம் எதிர்ப்பது எங்ஙனம்? இரவில் எண்ணெய் தேய்த்துத் துணி கட்டி உறங்கி, காலையில் சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் செல்வோம். எண்ணெய் பூசினவுடன் செதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறையும், குணமாயிற்றென்று மகிழ்வோம். நான்காம் நாள் முன்னிலும் மஞ்சளாய், பிசுபிசுப்பாய்த் திரும்பும். பரிசோதனைச் சாலைகளில் இக்காளானை வளர்க்க வேண்டுமாயின் வளர்ப்புக் கூழின்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்களாம். இச்செய்தியை வைத்தியர் எமக்குச் சொன்ன அன்று, பல ஆண்டுகளாக யாம் பொடுகுக்கு வைத்தியம் செய்யவில்லை, விருந்தோம்பல் செய்திருக்கின்றோம் என்பது விளங்கிற்று.

எண்ணெய் முழுக்கைப் பழித்தோமென்று தாய்மார் சினவற்க. சனி என்று தொடங்கும் ஔவையார் வாக்குக்குச் சனிக்கிழமை என்று பொருள் கொள்வாரும் குளிர்ந்த நீர் என்று கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் அது நீராடச் சொன்னதேயன்றி எண்ணெயோடு நான்கு நாள் அலையச் சொன்னதன்று. தேய்த்த எண்ணெயைச் சீயக்காயோ அரப்போ இட்டு அன்றே கழுவி விடுவதுதான் முழுக்கு. முடியிழைக்குத் தேங்காயெண்ணெய் நன்மை செய்வதை ஆராய்ந்தும் கண்டிருக்கின்றனர். ஆனால் முடி வேறு. அதன் அடித்தோல் வேறு. பொடுகுள்ளவர் அடித்தோலில் எண்ணெயைத் தங்கவிடலாகாது.

பொடுகின் சார்பு இவை: பருவமெய்தியோர்க்கு வரும், தலை முழுதும் பரவலாகக் காணும், நமைக்கும், முடியைத் திட்டாக உதிர்க்காது. மிகுந்தால் புருவத்திலும், மூக்கின் இருமருங்கு மடிப்பிலும், காதின் பின்புறத்தும், மார்பின் நடுவிலும் மஞ்சள் நிறமான பிசுக்குச் செதில் தோன்றும். மனக்கவலையிலும் உறக்கக் கேட்டிலும் பெருகும். தேர்வுத்தாள் திருத்தும் மாதத்தில் எமக்கு வருவது இதற்குச் சான்று.

இதற்குரிய மருந்துகள் தலையிற் கழுவும் ஷாம்பு வடிவில் மருந்துக் கடைகளிற் கிடைக்கின்றன. கீட்டோகோனசோல் 2 சதவீதம் கலந்தது ஒன்று. செலினியம் சல்பைடு கலந்தது ஒன்று. சிங்க் பைரிதியோன் கலந்தது மற்றொன்று. மருந்தினும் அதனை இடும் முறையே பெரிது. தலையை நனைத்து, முடியிலன்றி அடித்தோலிற் படும்படி விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பின் கழுவுதல் வேண்டும். திருக்குறளில் ஓரதிகாரத்தை நிதானமாக மும்முறை ஓதினால் அந்நேரம் ஆகிவிடும். தேய்த்தவுடன் கழுவி விட்டு ‘மருந்து பயனில்லை’ என்பாரே மிகப் பலர். யாமும் அவருள் ஒருவராயிருந்தோம். வாரம் இருமுறையாக நான்கு வாரம் செய்து, அடங்கிய பின் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு முறையாக விடாது செய்தல் வேண்டும். பொடுகு அடங்குமேயன்றி அடியோடு அறாது. அறுத்து விடுவோம் என்று விளம்பரம் செய்வாரிடம் பணம் கொடுக்கற்க. செலினியம் சாயமிட்ட முடியின் நிறத்தை மாற்றும். ஆதலின் நன்கு அலசுக. ஒரு மாதத்தில் அடங்காவிடினும், முதியவர்க்குத் திடீரென மிகுந்து முகத்திலும் பரவினும் வைத்தியரைக் காண்பதே முறை.

உண்மையாகவே வறண்டு உதிரும் தலையும் உண்டு. செதில் சிறியதாய், வெண்மையாய், பொடி போன்றிருக்கும், பிசுக்கு இராது, கை கால்களிலும் வறட்சி காணும். நாள்தோறும் கடுமையான சோப்பும் வெந்நீரும் இடுவோர்க்கு இது வரும். அவற்றைக் குறைத்தாலே தீரும். பாட்டியார் வைத்தியம் பொருந்துவது இங்கேதான்.

பிறந்த சில வாரங்களிற் குழந்தையின் உச்சியில் மஞ்சள் நிறத்தில் ஆடை போற் படிவதைக் கண்டு அஞ்ச வேண்டா. அது குழந்தையை வருத்தாது. பெரும்பாலும் ஓராண்டிற்குள் தானே மறையும். சிறிது எண்ணெயால் நனைத்து ஊறவைத்து, மென்மையான தூரிகையால் நீவி, அன்றே கழுவினாற் போதும். நகத்தாற் பெயர்க்கலாகாது. ‘தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் சளி பிடிக்கும்’ என்று வாரக்கணக்கில் விட்டுவிட்டால் படிவு தடித்துப் போகும்.

ஈரைப் பொடுகென்று மயங்குவதும் உண்டு. வேறுபாடு எளிது. செதிலை ஊதினாற் பறக்கும்; விரலால் தட்டினால் விழும். ஈரோ முடியிழையின் ஒரு பக்கத்தில் பிசினிட்டாற்போல் ஒட்டிக்கொண்டு, இழுத்தாலன்றி வராது. பெண்குழந்தைகளின் பிடரியிலும் காதோரத்திலும் பார்த்தால் தெரியும். நனைந்த தலையைப் பேன் சீப்பால் வகிர்ந்து வகிர்ந்து சீவுவதும், வைத்தியர் சொல்லும் பெர்மெத்ரின் மருந்தை இட்டு ஏழு முதல் பத்து நாளில் மறுமுறை இடுவதும் போதியவை. மண்ணெண்ணெய் தேய்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றது. அது தோலைப் புண்ணாக்குவதன்றி அடுப்பருகே சென்றால் உயிருக்கும் இறுதி. இதனை விட்டொழியுங்கள் என்று கைகூப்பிக் கேட்கின்றோம்.

இனி அச்சிறுவனைப் பற்றிக் கூறுவோம். இதனைக் கூறுவது எமக்கு எளிதன்று.

சென்ற ஆண்டு பள்ளி திறந்த மாதத்தில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையைச் சொறிந்து கொண்டே இருந்தான். அருகில் அழைத்துப் பார்த்தோம். உச்சியில் சாம்பல் நிறச் செதில். முடி அவ்விடத்திற் குட்டையாக இருந்தது. ‘பொடுகு, எண்ணெய் தேய்க்கச் சொல்’ என்று அவன் அன்னையார்க்குச் சொல்லியனுப்பினோம். ஆசிரியர் வாக்கென்று அவ்வம்மையாரும் அவ்வாறே செய்தார். மூன்று வாரத்திற் குறையாமை கண்டு மருந்துக் கடையிற் கேட்டு ஒரு களிம்பு வாங்கி இட்டார். நமைச்சல் அடங்கிற்று; செதில் பரவிற்று. பின்னர் அவ்விடம் வீங்கிச் சீழ் கொண்டு, தேன்கூடு போல் மெத்தென்று ஆயிற்று. பிடரியில் நெறி கட்டிற்று, காய்ச்சலும் வந்தது. கட்டியென்று எண்ணி ஒருவர் கீறியும் விட்டார். அரசாங்க மருத்துவமனையின் தோல் நோய்ப் பகுதிக்கு அவனை அழைத்துச் சென்றபோது இரண்டரை மாதம் கழிந்திருந்தது. வந்தது படர்தாமரை. அது முடியின் வேருள் புகுந்திருந்தது. மருந்தால் நோய் தீர்ந்தது. தழும்பாகிவிட்ட இடத்தில் முடி இனி முளையாது என்று வைத்தியர் கூறிவிட்டார்.

யாம் அன்று பார்த்தது என்ன? குட்டையான முடி. அதைப் பார்த்தும் பொருள் கொள்ளாது விட்டோம். பொடுகு முடியை ஒடிக்காது. படர்தாமரைக் காளான் முடியையே தின்று ஒடிக்கும். ஒடிந்த முடி தோல் மட்டத்திற் கரும்புள்ளியாகவோ அறுத்த தாள் போலவோ நிற்கும். இரண்டாவது சார்பு, வயது. பத்து வயதுக்குட்பட்டார்க்கு நெய்ப்பசை மிகுதியாக ஊறாமையால் பொடுகு அரிது. பருவத்திற்குப் பின் ஊறும் அப்பசையே இக்காளானைத் தடுக்கிறதென்பர். ஒரு காளானுக்கு உணவாவது மற்றொன்றுக்குத் தடையாவது இயற்கையின் விநோதம். ஆகவே தாய்மார்களே, ஆசிரியர்களே, ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: பருவமெய்தாத குழந்தையின் தலையிற் செதிலும் முடிக்குறைவும் சேர்ந்து ஓரிடத்திற் கண்டால், வேறென்று வைத்தியர் சொல்லுமளவும் அதனைப் படர்தாமரை என்றே கொள்ளுங்கள்.

இதற்கு மேற்பூச்சு மட்டும் பயன்படாது. காளான் மயிர்க்காலின் ஆழத்தில் இருப்பதால் மருந்து உள்ளே சென்று இரத்தத்தின் வழியாக அங்கே சேர வேண்டும். செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டி எடுத்து உருப்பெருக்கியில் நோக்கி உறுதி செய்வர். பின்னர் கிரிசியோபுல்வின் ஆறு முதல் எட்டு வாரமாவது, டெர்பினாபின் நான்கு வாரமளவிலாவது குழந்தையின் எடைக்கேற்ப வைத்தியர் கொடுப்பர். நமைச்சல் நின்றதும் நிறுத்தலாகாது. சீப்பு, துண்டு, தொப்பி, தலையணையுறை ஆகியவற்றைத் தனியே வைத்தல் வேண்டும். முடி வெட்டும் கருவியும் இதனைப் பரப்பும்; தூய்மை செய்த கருவியால் வெட்டும்படி கேட்பதில் நாணமொன்றும் இல்லை. வீட்டிலுள்ள பிற குழந்தைகளையும் காட்டல் வேண்டும். பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ வளர்ப்பின் அதன் மயிர் உதிர்ந்த இடங்களையும் பார்க்க வேண்டும்.

எமது இரண்டாம் பிழையையும் கூறிவிடுகின்றோம். நோய் இன்னதென்று தெரிந்த பின்னர், மருந்து உண்டு வந்த அச்சிறுவனை ஒருமாத காலம் கடைசிப் பலகையில் தனியே அமர்த்தினோம். சிகிச்சை தொடங்கிய குழந்தை பள்ளிக்கு வரலாம் என்பது அன்று யாம் அறியாதது. 1886-இல் பாரிஸ் நகரத்துச் சேன் லூயி மருத்துவமனையில் இந்நோயுற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் அமைத்தார்கள். பிற பள்ளிகள் சேர்க்காத பிள்ளைகள் கல்வியை இழக்கலாகாதென்பது அதன் கருத்து. அக்காலத்தில் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதே வைத்தியம். பின்னர் சபூரோ என்னும் வைத்தியர் எக்ஸ்ரே கதிரால் முடியை உதிர்க்கும் முறையை 1904-இல் வகுத்தார். அக்கதிர் பட்ட பிள்ளைகளுட் சிலர்க்கு நெடுங்காலம் கழித்துக் கட்டிகளும் புற்றும் தோன்றியதைப் பிற்காலத்தார் கண்டறிந்தனர். 1939-இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த கிரிசியோபுல்வின் இந்நோய்க்கு உதவுமென்பது 1958-இல் தெரிந்தது. மாத்திரை இல்லாத காலத்தே கூடப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வழி தேடினார்கள். மாத்திரை உள்ள காலத்தில் யாம் செய்தது கடைசிப் பலகை.

அவ்வம்மையார் இட்ட களிம்பைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டீராய்டும் காளான் மருந்தும் கிருமி மருந்தும் ஒருங்கு கலந்த களிம்புகள் நம் நாட்டில் மலிந்து கிடக்கின்றன. ஸ்டீராய்டு நமைச்சலை அடக்கிப் படர்தாமரையை உள்ளே வளர்க்கும். சென்ற பத்தாண்டுகளில் இந்தியாவிற் படர்தாமரை பண்டைய மருந்துகளுக்கு எளிதில் அடங்காமற் பெருகியதற்கு இக்களிம்புகளும் ஒரு காரணமென்று தோல் வைத்தியர் முறையிடுகின்றனர். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-இல் அரசாங்கம் விதித்தது. விதி வேறு, கடைவீதி வேறு.

நின்றுபோன திருமணத்துக்கு வருவோம்.

பெண் பட்டப்படிப்பு முடித்தவள். நிச்சயதாம்பூலத்தன்று மாப்பிள்ளை வீட்டு மூதாட்டியார் பூச்சூட்டினார். சூட்டும்போது காதின் பின்புறத்து முடியோரத்தில் வெள்ளித் தகடு போன்ற தடித்த செதிலைக் கண்டார். அங்கே ஒன்றும் சொன்னாரில்லை. வீடு சென்று ஒரு சொல் சொன்னார்; அச்சொல் குஷ்டம். மூன்றாம் நாள் தட்டுகள் திரும்பி வந்தன.

அது குஷ்டமன்று, சோரியாசிஸ். தமிழிற் காளாஞ்சகப்படை என வழங்குவர். உடலின் காவற்படை தவறாகக் கிளர்ந்து, ஒரு மாதத்தில் நிகழ வேண்டிய தோற்சுற்றை நான்கைந்து நாளில் ஓட்டி விடுவதால் செதில் அடுக்கடுக்காகத் தடிக்கும். அது தொற்றாது. ஒரே சீப்பால் தொற்றாது. ஒரே பாயால் தொற்றாது. கணவன் மனைவி உறவாலும் தொற்றாது. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலால் தொற்றாது. குடும்ப வழியில் ஓரளவு வரும் என்பது உண்மையே. ஆயினும் பெற்றோருள் ஒருவர்க்கு மட்டும் இருப்பின் மக்கள் பலர்க்கு வருவதில்லை. குஷ்டம் வேறு கிருமியால் வருவது. அதன் படையில் உணர்ச்சி குன்றும். தலையில் இவ்வாறு செதிலடுக்காது. மேனாட்டிலும் இவ்விரண்டையும் நெடுங்காலம் ஒன்றென மயங்கினர். வியன்னா நகரத்து ஹெப்ரா என்னும் வைத்தியர் 1841-இற் பிரித்துக் காட்டிய பின்னரே அம்மயக்கம் தீர்ந்தது. அங்கே தீர்ந்த மயக்கம் நம்மூர்ப் பந்தலில் இன்னும் தீரவில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். அது குஷ்டமாகவே இருந்தாலும் என்ன? 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையால் குஷ்டம் முற்றும் குணமாகின்றது, மருந்தும் இலவசம். குஷ்டத்தைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த பிரிவை 2019-இல் இந்திய நாடாளுமன்றம் சட்டத்தினின்று நீக்கிவிட்டது. மணந்தவரை விலக்கவே அது காரணமாகாதென்று சட்டம் கூறுகையில், மணக்கவிருந்தவளை ஐயத்தின் பேரில் விலக்கினோம்.

பெண் வீட்டார்மேலும் குறை உண்டு. ஆறு ஆண்டுகளாக இருந்ததை மறைத்தார்கள். அவ்விடம் தெரியாதபடி பின்னலை இறக்கிக் கட்டினார்கள். முன்னரே சொல்லி, வைத்தியர் எழுதிய சீட்டையும் காட்டியிருந்தால் மூதாட்டியார் தாமாக ஒரு பெயர் சூட்டியிருக்க மாட்டார். இரு பிழையுள் எது பெரிதென்று எம்மைக் கேட்டால், ஒரு வார்த்தை கேளாமல் தட்டைத் திருப்பியதே பெரிதென்போம்.

இதன் சார்பைக் கேளுங்கள். செதில் வெண்மையாய், உலர்ந்து, தடித்து, எல்லை கட்டினாற்போல் இருக்கும். முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கும் பிடரிக்கும் காதின் பின்னும் வரும். முழங்கையிலும் முழங்காலிலும் அவ்வாறே காணும். நகத்தில் ஊசியாற் குத்தினாற்போன்ற குழிகள் தோன்றும். செதிலின் அடி செந்நிறமாயிருக்குமென்று நூல்களிற் காண்பது வெண்தோலினரை நோக்கி எழுதியது; நம்மவர் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ மங்கிய ஊதாவாகவோ தோன்றும். இதனை அறியாமையால் நாம் பலகால் ஏமாறுகின்றோம். காலையில் விரல்களும் மூட்டுகளும் வீங்கி விறைப்பின் தாமதியாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்நோய் மூட்டையும் தாக்கும்.

பொடுகுக்கு ஆகாத எண்ணெய் இங்கே துணையாகின்றது. சாலிசிலிக் அமிலம் கலந்த தேங்காயெண்ணெயைத் தடவி ஊறவைத்துச் செதிலை நெகிழ்த்துவது வைத்தியர் முதலிற் செய்வது. நெகிழ்த்தினாலன்றி மருந்து உட்புகாது. பின்னர் கரித்தார் கலந்த ஷாம்பு, ஸ்டீராய்டு நீர்மம், கால்சிபோட்ரியால் என நோய்க்கேற்பக் கொடுப்பர். மிகுந்தவர்க்கு மாத்திரையும் ஊசியும் உண்டு. நகத்தாலும் சீப்பாலும் செதிலைப் பெயர்த்தால் இரத்தம் துளிர்ப்பதோடு காயம் பட்ட இடத்திற் புதிய படை கிளம்பும். வெட்பாலைத் தைலத்தை நம் சித்த மருத்துவர் இதற்கு வழங்குகின்றனர். விரும்புவோர் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே பெறுக. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக உண்டு தாமாக நிறுத்துவது மிகவும் தீது. நிறுத்தியவுடன் உடல் முழுதும் சீறியெழலாம். அப்பெண்ணுக்கு மூன்று மாதச் சிகிச்சையில் தலை பெரும்பாலும் தெளிந்துவிட்டது. இப்பொழுது அரசாங்க உத்தியோகத் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கிறாள். வரன் பற்றிப் பேச்செடுத்தால் தேர்வு முடியட்டும் என்கிறாளாம்.

எம் வயதினர்க்கு ஒரு குறிப்பு. நரையை மறைக்கத் தலைச்சாயம் இட்டு இரண்டொரு நாளில் காதோரமும் நெற்றியும் நமைத்து, இமை வீங்கி, நீர் கசிந்து பின் செதிலாயின் அது பொடுகன்று. சாயத்திலுள்ள பாராபினிலீன்டையமின் என்னும் பொருளின் ஒவ்வாமை. மறுமுறை இட்டால் மேலும் கடுமையாகும். ஒருமுறை இவ்வாறு வந்தவர் அச்சாயத்தை அறவே விடுவதன்றி வேறு வழியில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தலையிற் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பதும் தோலைச் சுட்டுக் கறுக்கச் செய்யும்.

கூட்ட முடிவில் தாய்மார் இருவர் வினவியவற்றுக்கு அங்கே விரைந்து விடை கூறினோம். இங்கே ஒழுங்காக எழுதுகின்றோம்.

மொட்டையடித்தால் இவையெல்லாம் தீருமா என்பது முதல் வினா. தீரா. நோய் தோலிலும் மயிர்க்காலிலும் இருக்கின்றது. மொட்டையில் மருந்திடுதல் எளிதாகும் என்பதொன்றே நன்மை. படர்தாமரை உள்ள குழந்தைக்கு மொட்டை வேண்டியதில்லை. கத்தி வழியாகப் பிறர்க்கும் பரவும்.

பேரனுக்குப் படர்தாமரை மாத்திரையை வெறும் வயிற்றிற் கொடுத்து வருவதாகவும், அது சரியா என்றும் ஒரு மூதாட்டியார் வினவினார். மருந்து கிரிசியோபுல்வின் ஆயின் கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். பால் பருகிய பின்னரோ, நெய் விட்ட சோறு உண்ட பின்னரோ கொடுக்க வேண்டும். உறையின்மேல் எழுதியிருக்கும் பெயரை வீட்டிற் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படித்துப் பார்த்து, நாளைக் காலையிலிருந்தே அவ்வாறு செய்க.